மயக்க ஊசித் துவக்கு: சிறுத்தை, யானை, மரைக்கு வன்னியில் எப்படிப் பாவிக்கிறது?

முதிரைக்காடு எழுதியது:

சிறுத்தை ஊருக்குள்ளை வந்தாலும் சரி, யானை தோட்டத்துக்குள்ளை நிண்டாலும் சரி, சனம் முதல் கேக்கிறது "மயக்க ஊசி அடிக்க ஏன் ஆக்கள் வரேல்லை" எண்டுதான். 2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் வனசீவராசிகள் உத்தியோகத்தர் உட்படப் பலரைக் காயப்படுத்தின சிறுத்தையை அடிச்சுக் கொன்ற பிறகு இந்தக் கதை இன்னும் கூடிப்போச்சு. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒரு துவக்கு வாங்கி வைச்சால் காணும் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். மிருக வைத்தியம் தெரிஞ்சவை விளக்கமாச் சொல்லுங்கோ. அடிச்சவுடனை விழுமா? எவ்வளவு மருந்து? ஆர் அடிக்கலாம்? எங்கை பிழைக்கும்?

கனகராயன் எழுதியது:

ஆர் அடிக்கலாம் என்பதை முதலில் முடிச்சுவிடுவம். சிறுத்தையும் யானையும் 1937 இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வனசீவராசிகள் திணைக்களத்தின் மிருக வைத்தியரும் அவருடைய குழுவும்தான் ஊசி அடிக்கலாம். மருந்துகளும் கட்டுப்பாட்டில் உள்ளவை. பிரதேச செயலக அலுமாரியில் துவக்கை வைக்கலாம், அதைப் பாவிக்கத் தெரிந்த வைத்தியரை வைக்க ஏலாதே.

அடிச்சவுடன் விழாது. தசைக்குள் போன மருந்து இரத்தத்தில் சேர்ந்து மூளைக்குப் போகவேணும். சிறுத்தையின் தொடைத் தசையில் முழு மருந்தும் இறங்கினால் 5 முதல் 15 நிமிடம். பாதி மருந்து கொழுப்பிலோ தோலுக்குக் கீழேயோ போனால் அரை மணி கழிந்தும் தள்ளாடிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் முழுவதும் அது ஊசி குத்தின வலியோடு ஓடும், அல்லது கிட்ட நிற்கிறவர் மேல் பாயும். சத்தம் போட்டுத் துரத்தின மிருகத்தின் உடம்பில் அட்ரினலின் உச்சத்தில் இருக்கும். அப்போது சரியான அளவு மருந்தே போதாமல் போகும்.

ஆகவே சனம் வளைச்சு நிற்கிற வெளியில் சிறுத்தைக்கு ஊசி அடித்தால் ஆபத்து கூடும். அங்கே முதல் வேலை, காடு இருக்கிற பக்கத்தைத் திறந்துவிடுகிறது. அந்தப் பக்கம் ஒரு ஆளும் நிற்கக்கூடாது, நாய்களைக் கட்டவேணும். பொழுதுபடும்வரை அமைதியாக விட்டால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஊசி தவிர்க்க ஏலாத இடங்கள் இரண்டு. ஒன்று, பன்றிக்கும் மானுக்கும் வைச்ச கம்பிச் சுருக்குத் தடத்தில் மாட்டுப்பட்டது. மற்றது, வீட்டுக்குள்ளோ கோழிக்கூட்டுக்குள்ளோ அடைபட்டது.

பேராதனை_மாணவி எழுதியது:

சேர், சிறுத்தைக்குக் கெற்றமின்-சைலசின் கலவை என்று படிச்சிருக்கிறம். கி.கி.க்கு கெற்றமின் 5 மி.கி., சைலசின் 1.4 மி.கி. மட்டில். ஆனால் வழக்கமான போத்தலில் இருந்து எடுத்தால் டார்ட்டுக்குள் (துவக்கால் அடிக்கிற ஊசிக்குள்) அடங்காதே?

கனகராயன் எழுதியது:

சரியான இடத்தில் பிடிச்சிருக்கிறீர் தங்கச்சி. கணக்கைப் போட்டுப் பாரும். இலங்கைச் சிறுத்தையில் பெட்டை 30 கி.கி. மட்டில், வளர்ந்த கடுவன் 55 கி.கி. மட்டில், பெரியது அதற்கு மேலும் போகும். 55 கி.கி.க்கு கெற்றமின் 275 மி.கி., சைலசின் 77 மி.கி. ஆஸ்பத்திரியில் கிடைக்கிற கெற்றமின் 1 மி.லீ.இல் 50 மி.கி., சின்ன மிருகங்களுக்கான சைலசின் 1 மி.லீ.இல் 20 மி.கி. இரண்டையும் கூட்டினால் 9 மி.லீ.க்கு மேல். அவ்வளவு பாரமான டார்ட் சிறுத்தையின் தொடையைக் கிழிக்கும், எலும்பையும் உடைக்கலாம். 1 மி.லீ.க்கு 100 மி.கி. உள்ள கெற்றமினும் 100 மி.கி. உள்ள சைலசினும் இருந்தால் அதே அளவு மூன்றரை மி.லீ. மட்டில் முடியும். துவக்கு வாங்குகிறதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் முதல் கேட்கவேண்டியது செறிவான மருந்து கையில் இருக்கா என்பதைத்தான்.

சைலசின் வகையைச் சேர்ந்த மெடிற்றோமிடின் கி.கி.க்கு 0.06 முதல் 0.08 மி.கி., கெற்றமின் 3 மி.கி. என்ற கலவை இன்னும் நல்லது. கெற்றமின் குறைவு, எழும்புவதும் சுத்தமாய் இருக்கும். அதிலும் இதே பிரச்சினைதான். நாய் பூனைக்கான போத்தலில் 1 மி.லீ.க்கு 1 மி.கி.தான் இருக்கும்.

நிறையை ஊகிக்கிறபோது சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூட்டிப் பிடிக்கலாம். பூனை இனத்துக்குக் கெற்றமின் ஓரளவு கூடினால் சமாளிக்கலாம். குறைந்தால் அரை மயக்கத்தில் திரும்பத் திரும்ப எழும்பும், இரண்டாவது மூன்றாவது டார்ட் அடிக்கவேண்டி வரும், உடம்புச் சூடு ஏறும். சாவு பெரும்பாலும் அந்த வழியால்தான் வருகிறது.

பாலையடி எழுதியது:

டார்ட்டைப் பற்றி நான் சொல்லுறன். காற்றமுக்க வகை டார்ட் ரெண்டு அறை உள்ள பிளாஸ்டிக் சிறிஞ்ச். முன் அறையில் மருந்து, நடுவில் றப்பர் பிஸ்ரன், பின் அறையில் அமுக்கின காத்து. ஊசியின் நுனி அடைபட்டிருக்கும். ஓட்டை பக்கவாட்டில் இருக்கும், அதை ஒரு சின்ன சிலிக்கன் குழாய் மூடியிருக்கும். ஊசி தோலுக்குள்ளை இறங்கேக்கை தோல் அந்தக் குழாயைப் பின்னுக்குத் தள்ளும், ஓட்டை திறக்கும், பின்னால இருக்கிற காத்து மருந்தைத் தள்ளும்.

பிழைக்கிறதும் அந்தச் சின்னக் குழாயிலதான். பழசாய்ப் போன குழாய் வழுகி விலகினால் காத்து ஏத்தேக்கையே மருந்து பீச்சியடிக்கும், முகத்திலயும் படலாம். அதனால மருந்து ஏத்துறவர் கண்ணாடியும் கையுறையும் போட்டு, ஊசியை ஒரு போத்தலுக்குள்ள விட்டுக்கொண்டுதான் காத்து ஏத்தவேணும். காத்து ஏத்தின டார்ட்டை வெய்யிலில நிண்ட வாகனத்துக்குள்ள வைக்கக்கூடாது. நேற்று ஏத்தினதை இண்டைக்குப் பாவிக்கவும் கூடாது, அமுக்கம் இறங்கியிருக்கும்.

துவக்கின்ர அமுக்கத்தைத் தூரத்துக்கு ஏத்தமாதிரி வைக்கவேணும். அதே அளவு தண்ணி ஏத்தின டார்ட்டால மட்டையில் அடிச்சுப் பாக்காமல் மிருகத்துக்கு அடிக்கவேண்டாம். அமுக்கம் கூடினால் டார்ட் தசையைச் சிதைக்கும், வயிற்றுக்குள்ளயும் போகும், அல்லது மருந்து இறங்க முதல் துள்ளி வெளியில விழும். குறைஞ்சால் வழியிலயே விழும். சோளகம் அடிக்கிற மாசங்களில் திறந்த வயல்வெளியில் டார்ட் பக்கத்துக்கு இழுபடும், 20 மீற்றருக்கு மேல அடிக்கிறதை யோசிச்சுச் செய்யவேணும். கூட்டுக்குள்ள இருக்கிற மிருகத்துக்குத் துவக்கே தேவையில்லை, ஊதுகுழல் போதும். சத்தமும் இல்லை, அடியும் மெல்லிசு.

அடிக்கவேண்டிய இடம் பின்தொடையின்ர தடிப்பான தசை, இல்லாட்டி தோள்ப்பட்டைத் தசை. விலா, வயிறு, கழுத்து, முதுகெலும்பு கூடாது. மிருகம் நேரே முகம் காட்டி நிண்டால் பொறுத்திருங்கோ.

தண்டுவான் எழுதியது:

கனகராயன் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் தடத்தில் மாட்டின சிறுத்தைக்கு அதே கலவையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதை ஏற்கமாட்டேன்.

வன்னியில் தடம் என்றால் மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள், பிறேக் கேபிள். பன்றியின் கழுத்துக்கு வைத்தது சிறுத்தையின் இடுப்பில் இறுகும். இரவு முழுவதும் இழுத்து இழுத்து, கம்பி மயிரையும் தோலையும் அறுத்துக்கொண்டு தசைக்குள் புதைந்திருக்கும். வெளியே ஒரு மெல்லிய சிவப்புக் கோடுதான் தெரியும். சுற்றியுள்ள பற்றையெல்லாம் கடித்து முறித்துக் கிடக்கும், பல் உடைந்திருக்கும். அந்த மிருகம் ஏற்கனவே அதிர்ச்சி நிலையில் இருக்கும், நீர் வற்றியிருக்கும். சைலசினும் மெடிற்றோமிடினும் இதயத் துடிப்பையும் இரத்த ஓட்டத்தையும் மேலும் இறக்கும்.

அப்படியானதுக்குச் சொலற்றில் (ரைலற்றமின்-சொலசிபாம் கலவை) பாதுகாப்பானது. கி.கி.க்கு 4 மி.கி. மட்டில். 500 மி.கி. தூளை இரண்டரை மி.லீ. நீரில் கரைத்தால் 50 கி.கி. சிறுத்தைக்கு 1 மி.லீ. போதும். சின்ன டார்ட், மெல்லிய அடி. புலிக்குத்தான் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள், சிறுத்தைக்கு அந்தத் தடை இல்லை.

இன்னொன்று. இடுப்பில் கம்பி இறுகியிருந்ததை அந்த இடத்திலேயே வெட்டி, எழுப்பி, காட்டுக்குள் விடக்கூடாது. வெளிக்காயம் சின்னதாய் இருந்தாலும் உள்ளே குடல், சிறுநீர்ப்பை, ஈரல் நசிந்திருக்கலாம். நெடுநேரம் இரத்தம் போகாத தசையிலிருந்து கம்பி வெட்டினவுடன் பொட்டாசியமும் தசைக் கழிவும் ஒரேயடியாக இரத்தத்துக்குள் வரும். ஓடிப்போனதை எல்லாரும் கைதட்டிப் பார்ப்பார்கள், அடுத்த நாள் பற்றைக்குள் செத்துக் கிடக்கும். கூட்டில் ஏற்றி, சேலைன் ஓடவிட்டு, இரண்டு நாளாவது வைத்திருந்து சாப்பாடும் மலசலமும் பார்த்த பிறகுதான் விடவேண்டும்.

கனகராயன் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், அதிர்ச்சியில் உள்ளதுக்குச் சொலற்றில்தான். ஒரு குறை உண்டு. அதற்கு முழுமையான மாற்று மருந்து, அதாவது மயக்கத்தை முறிக்கிற மருந்து, இல்லை, எழும்ப நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். கூடு இல்லாமல் அதைத் தொடவே கூடாது. கால் நுனியில் மட்டும் மாட்டினது, உசாராய் உறுமிக்கொண்டு நிற்கிறது என்றால் மெடிற்றோமிடின் கலவைக்கு நான் போவன். உறுமிப் பாய்கிற சிறுத்தைக்குக் கம்பி அறுகிற சாத்தியம் கூட. வாகனத்தின் மறைவில் இருந்துதான் அடிக்கவேணும், நடந்து போய் இல்லை.

பேராதனை_மாணவி எழுதியது:

விழுந்த பிறகு என்ன ஒழுங்கில் செய்யிறது?

கனகராயன் எழுதியது:

தலை கீழே போன பிறகும் ஒரு பத்து நிமிடம் ஒருவரும் கிட்டப் போகக்கூடாது. பிறகு பின்பக்கத்தால், நீளத் தடியால் முதுகைத் தட்டிப் பாக்கவேணும், பிறகு காது மயிரைத் தொடவேணும். காது துடிச்சால் மயக்கம் இன்னும் போதாது. சைலசின், மெடிற்றோமிடின் கொடுத்த மிருகம் ஒரு கூச்சலுக்குத் திடீரென்று எழும்பும். கரடி இதில் இன்னும் மோசம். கரடிக்குக் கி.கி.க்கு சைலசின் 2 மி.கி., கெற்றமின் 5 மி.கி. என்று கணக்குப் போட்டாலும் வாயைக் கட்டாமல் தலைப்பக்கம் போகவேண்டாம்.

முதல் மூச்சுவழி. கழுத்தை நேராக்கி, நாக்கை வெளியே இழுத்து, வாந்தி இருந்தால் துடைக்கவேணும். பூனை இனத்தில் சைலசின் வாந்தி வரப்பண்ணும். கெற்றமினில் கண் மூடாது, ஆகவே களிம்பு பூசிக் கண்ணைத் துணியால் மூடவேணும். காதுக்குப் பஞ்சு, எத்தினை துண்டு வைச்சது என்று எழுதி வைக்கவேணும், எடுக்க மறந்தால் அதுவே பிறகு நோயாகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் மூச்சு, நாடி, சூடு. நாக்கில் ஒட்சிசன் அளவுக் கருவி. 90க்குக் கீழே போனால் ஒட்சிசன் கொடுக்கவேணும். மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே வந்தால் காரணம் தேடவேணும்.

இங்கே கூடுதலாய் மிருகத்தைக் கொல்லுறது சூடு. சிறுத்தையின் சாதாரண சூடு 38 முதல் 39 பாகை. 40 வந்தால் அரையிலும் பாதத்திலும் வயிற்றிலும் தண்ணி ஊத்தி விசிறவேணும், 41 வந்தால் வேலையை விட்டுப்போட்டு எழுப்பவேணும். காலை 6 முதல் 9 மணிக்குள் முடிக்கப் பார்க்கவேணும். சித்திரை, வைகாசி நடுமத்தியானத்தில் தார் றோட்டில் கிடத்தி வைச்சுப் படம் எடுக்கிறதைத் தயவு செய்து நிப்பாட்டுங்கோ.

எழுப்புறதில் ஒரு கட்டாய விதி. மெடிற்றோமிடினுக்கு அதன் மி.கி. அளவின் ஐந்து மடங்கு அற்றிபமசோல், சைலசினுக்குக் கி.கி.க்கு 0.1 மி.கி. மட்டில் யோகிம்பின். ஆனால் கெற்றமினுக்கு மாற்று மருந்து இல்லை. கடைசிக் கெற்றமின் கொடுத்து 40 நிமிடம் போகாமல் மற்றதை நீக்கினால் கெற்றமின் மட்டும் தனியே நின்று மிருகம் வலிப்பில் துடிக்கும். வலிப்பு வந்தால் டயசிபாம் அல்லது மிடசோலாம், முன்னமே சிறிஞ்சில் எடுத்து வைச்சிருக்கவேணும்.

வீரை எழுதியது:

யானையைப் பற்றி நான்.

யானைக்கு எற்றோர்பின், அபின் வகையில் மிகக் கடுமையான மருந்து. கி.கி.க்கு 0.002 முதல் 0.003 மி.கி. மட்டில், 3,000 கி.கி. யானைக்கு 6 மி.கி.யில் தொடங்கலாம். தோல் தடிப்பு, ஆகவே 60 மி.மீ. ஊசி, பின்புறத் தசையில் செங்குத்தாக. 5 முதல் 10 நிமிடத்தில் விழும். அந்த நேரத்துக்குள் சாதாரண நடையிலேயே ஒரு கிலோமீற்றர் போய்விடும். வன்னியில் ஒரு கிலோமீற்றருக்குள் குளம் இல்லாத இடம் அருமை. பயந்த யானை தண்ணிக்கும் காட்டுக்கும்தான் ஓடும். அரையடித் தண்ணியில் தும்பிக்கை மூழ்கினாலே செத்துப்போகும். ஆகவே அடிக்க முதல் சுற்றுவட்டத்தில் குளம், வாய்க்கால், கட்டுக் கட்டாத கிணறு, றெயில் பாதை எல்லாம் எங்கே இருக்கு என்று வரைந்து பார்க்கவேணும், யானைக்கும் தண்ணிக்கும் நடுவில் வாகனங்கள் நிற்கவேணும். கிணற்றுக்குள் விழுந்த யானைக்கு மயக்க மருந்து ஒருபோதும் இல்லை. பெக்கோவால் (மண் தோண்டுற இயந்திரத்தால்) ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டிவிட்டால் தானாக ஏறும்.

விழுந்த விதம் முக்கியம். யானைக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் இடைவெளி இல்லை, இரண்டும் ஒட்டியிருக்கும். நெஞ்சுச் சுவரும் பிரிமென்றகடும் அசைந்தால்தான் மூச்சு. நாய் படுக்கிறமாதிரி நெஞ்சில் குந்தி விழுந்தால் தன்ர பாரமே தன்னை நெரிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் கயிறு போட்டு உழவு இயந்திரத்தால் பக்கவாட்டில் சரிக்கவேணும். முடியாவிட்டால் உடனே மாற்று மருந்து. தும்பிக்கையை நேராக நீட்டி, நுனித் துளை இரண்டும் திறந்திருக்க ஒரு சின்னத் தடித்துண்டு வைக்கலாம். ஒரு ஆள் தும்பிக்கை நுனியில் கை வைச்சு ஒவ்வொரு மூச்சையும் எண்ணவேணும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. நிமிடத்துக்கு 4க்குக் கீழே போனால் வேலையை நிறுத்தவேணும். காதை மடிச்சுக் கண்ணை மூடி, காதுக்குத் தண்ணி ஊத்திக்கொண்டே இருக்கவேணும். யானை சூட்டை விடுறது காதால்தான்.

எழுப்ப டைப்ரெனோர்பின், எற்றோர்பின் மி.கி.க்கு 2 முதல் 3 மடங்கு, காதின் பின்பக்கத்து இரத்த நாளத்தில். ஒன்றிரண்டு நிமிடத்தில் எழும்பும். ஊசி போடுறவரைத் தவிர எல்லாரும் முன்னமே வாகனத்தில் ஏறியிருக்கவேணும். விடப்போகிற யானைக்கு நல்ற்றெக்சோன், எற்றோர்பின் மி.கி.க்கு 50 மி.கி., நல்லது என்பது என் கருத்து. அதன் வேலை நீளம், காட்டுக்குள் போன பிறகு திரும்ப மயங்காது.

பாலையடி எழுதியது:

வன்னிக்கு மட்டும் உள்ள ஒண்டைச் சேர்க்கவேணும். ஊசி பட்ட மிருகத்தைத் தேடிக் காட்டுக்குள்ள போறவை கண்ணிவெடி அகற்றி முடியாத நிலத்துக்குள்ள போகக்கூடாது. முகமாலைப் பக்கம் எவ்வளவு காலம் வேலை நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு நாடாவோ இருக்கிற பக்கம் மிருகம் ஓடக்கூடும் எண்டால் அங்கை ஊசி அடிக்கவே வேண்டாம். வெடியகற்றும் ஆக்களிட்டை வரைபடம் கேட்டுப் பாத்திட்டுத்தான் முடிவெடுக்கவேணும்.

முதிரைக்காடு எழுதியது:

எற்றோர்பின் மனிசரிலை பட்டால்?

வீரை எழுதியது:

ஒரு துளி கண்ணிலோ வாயிலோ காயத்திலோ பட்டாலும் ஆள் சாகலாம். தலைச்சுற்று, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது, மூச்சு மந்தம், உதடு நீலம் என்று நிமிடக்கணக்கில் வரும். தனியாக ஒருவரும் இந்த மருந்தைத் திறக்கக்கூடாது. பக்கத்தில் இருக்கிறவருக்கு அதை முறிக்கிற நலோக்சோன் போடத் தெரிந்திருக்கவேணும், அது சிறிஞ்சில் தயாராக இருக்கவேணும். பட்ட இடத்தை நிறையத் தண்ணியால் கழுவி, நலோக்சோன் 0.8 மி.கி. கொடுத்து, மாற்றம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருக்கால் திரும்பக் கொடுத்து, மூச்சு நின்றால் முகமூடிப் பையால் ஊதிக்கொண்டு 1990 அம்புலன்சுக்கு அடிக்கவேணும். ஆள் எழும்பிக் கதைச்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும், நலோக்சோன் எற்றோர்பினுக்கு முதல் முடிஞ்சுபோகும்.

பேராதனை_மாணவி எழுதியது:

மரை, புள்ளிமான்? முதலையையும் கேட்டுவிடுகிறேன்.

தண்டுவான் எழுதியது:

மான் இனத்தில் துரத்தலே கொல்லும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால் தசை எரிந்து சிதையும், சிறுநீர் கறுப்புத் தேயிலை நிறத்தில் வரும், ஊசிக்குப் பிறகு எழும்பி நல்லாய் நடந்தது கூட நாட்கள் கழித்துச் சாகும். 4 மி.லீ. செறிவான கெற்றமினில் 500 மி.கி. சைலசின் தூளைக் கரைக்கிற ஹெல்லபுரூன் கலவை இவற்றுக்குப் பொருந்தும், சின்ன டார்ட்டில் அடங்கும். படுத்தவுடன் நெஞ்சில் நிமிர்த்தி இருத்தி, தலையை உயர்த்தி மூக்கைக் கீழே சரிக்கவேண்டும். பக்கவாட்டில் சரித்தால் வயிறு ஊதும், இரை மேலே வந்து நுரையீரலுக்குள் போகும்.

முதலைக்கு மருந்து பெரும்பாலும் தேவையில்லை. ஏறவும் பிந்தும், இறங்கவும் பிந்தும், தண்ணிக்குள் போனால் மூழ்கிவிடும். மேல் தாடையில் சுருக்குக் கயிறு, கண்ணுக்கு ஈரச் சாக்கு, வாய்க்கு றப்பர் பட்டி. வாயைத் திறக்கிற தசை பலமில்லாதது. மூக்குத் துளையை மட்டும் மூடிவிடவேண்டாம்.

முதிரைக்காடு எழுதியது:

குழு வரும்வரைக்கும் ஊரிலை நாங்கள் என்ன செய்யலாம்?

கனகராயன் எழுதியது:

தடத்தில் மாட்டினதென்றால் 100 மீற்றருக்குள் ஒருவரையும் விடாதேங்கோ. கிராம அலுவலரும் பொலிசும் சனத்தைப் பிடிச்சு வைச்சால் அதுவே பெரிய உதவி. கம்பியைக் கட்டின மரம் பலமானதா, கம்பி எந்த இடத்தில் இறுகியிருக்கு, எப்போதிருந்து என்று தூர நின்று பாத்து ரெலிபோனில் சொல்லுங்கோ, வைத்தியர் மருந்தை அதை வைச்சுத்தான் தெரிவு செய்வார். தண்ணி, இறைச்சி போடாதேங்கோ, வயிறு நிரம்பினால் வாந்தி வரும். குடம் குடமாய்த் தண்ணியும் ஒரு உழவு இயந்திரமும் ஆயத்தமாய் இருக்கட்டும்.

மயக்க மருந்து ஏறின மிருகம் செத்தால் இறைச்சியை ஆரும் வெட்டக்கூடாது, மானென்றாலும். பரிசோதனை முடிய ஆழமாய்ப் புதைக்கவேணும். இன்னொன்றையும் ஊரில் சொல்லி வையுங்கோ. குறி தப்பின டார்ட்டைத் தேடி எடுக்காமல் குழு போகக்கூடாது. ஊசியும் அமுக்கின காற்றும் மருந்தும் உள்ளே இருக்கும், பின்னால் சிவப்புக் குஞ்சம் இருக்கும், பிள்ளைகள் விளையாட்டுச் சாமானென்று தூக்குவினம். தேடிக் கிடைக்காவிட்டால் இடத்தைக் குறிச்சு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் மாடு மேய்க்கிறவைக்கும் அன்றைக்கே அறிவிக்கவேணும்.